அம்மப்பாட சாவி குடுக்கிற மணிக்கூடு: ஒயில் விட்டால் காணுமோ, முழுசாக் கழட்டத்தான் வேணுமோ?

உப்புவெளிக்காத்து:

வணக்கம் எல்லாருக்கும். பழைய மெஷின் தெரிஞ்ச ஆக்கள் இஞ்ச கனபேர் இருக்கிறியள், அதால கேக்கிறன். எங்கட அம்மப்பா திருகோணமலை டொக்யார்ட்டில பிற்றரா இருந்தவர், 1957ல வெள்ளைக்காரன் நேவி பேஸைக் குடுத்திட்டுப் போகுமட்டும் அங்கதான் வேலை. அவர் கட்டின மணிக்கூடு அம்மாட அலுமாரியில துணிக்குக் கீழ கிடந்து இப்ப என்ட கைக்கு வந்திருக்கு. பற்றரியும் இல்லை, ஒட்டோமற்றிக்கும் இல்லை, ஒவ்வொரு நாளும் சாவி குடுக்கிற சாதி. டயல் மஞ்சளாகி ஓரமெல்லாம் புள்ளி, 6 மணி இருக்க வேண்டிய இடத்தில செக்கன் முள்ளுக்குத் தனியா ஒரு சின்ன வட்டம். இலக்கங்களில ஏதோ பூச்சு இருந்து பழுப்பாப் போயிருக்கு, இருட்டில மினுங்குதோ எண்டு பாத்தன், ஒண்டுமில்லை. கொம்பனிப் பேர் அழிஞ்சு போச்சு, கீழ ஸ்விஸ் மேட் எண்டது மட்டும் வாசிக்கலாம்.

பிரச்சினை என்னெண்டால் சாவி குடுத்தா ஓடுது. மேசையில மல்லாக்கக் கிடத்தினா ஓடிக்கொண்டே இருக்கும், கையில கட்டி நிமித்தினா கொஞ்ச நேரத்தில நிண்டிடும், மெல்லத் தட்டினா திரும்ப எழும்பும். ஓடுற நேரமும் ஒழுங்கில்லை, ஒரு நாளைக்குக் கால் மணித்தியாலம் மட்டில முந்திப் போகுது. கிறவுணை, அதான் சாவி குடுக்கிற குமிழை, இழுத்து முள்ளுத் திருப்பேக்க கரகர எண்டு ஒரு சத்தம்.

டவுணில ஒரு கடையில காட்டினன், பேர் வேண்டாம். மூடியைத் திறந்து பாத்திட்டு இதுக்கொண்டுமில்லை, ரெண்டு சொட்டு ஒயில் விட்டாச் சரி, நிண்டு கொண்டு போங்கோ எண்டார். இன்னொரு இடத்தில இதுக்கு இப்ப சாமான் இல்லை, உள்ளுக்க பற்றரி மெஷின் போட்டு டயலையும் புதுசா பெயின்ற் அடிச்சுத் தாறன் எண்டார். ரெண்டும் எனக்கு மனசுக்கு ஒத்து வரேல்லை, வாங்கிக்கொண்டு வந்திட்டன். யூரியூப்பில பாத்தா எல்லாரும் வீட்டு மேசையில வைச்சு சும்மா கழட்டிப் பூட்டுறாங்கள், எனக்கும் கை கொஞ்சம் ஓடும், ரேடியோ எல்லாம் திருத்தியிருக்கிறன். நானே செய்யலாமோ? இல்லாட்டி ஆரிட்டயாவது குடுக்கிறதெண்டால் என்ன சொல்லிக் குடுக்கிறது?

லூப்புக்காரன்:

தம்பி, ரெண்டு கடையிலயும் குடுக்காமத் திருப்பிக் கொண்டு வந்தது நல்லதாப் போச்சு.

முதல் அந்த ரெண்டு சொட்டுக் கதை. மெஷினுக்குள்ள முக்கியமான சில்லுகளின்ட அச்சு சிவப்புக் கல்லுக்க நிண்டுதான் சுத்துது. கல்லில ஒரு சின்னக் குழி இருக்கும், ஒயில் அந்தக் குழிக்குள்ள மட்டும்தான் நிக்க வேணும், சொட்டு எண்ட கணக்கே அங்க இல்லை, ஊசி நுனியால தொட்டு வைக்கிற அளவுதான். அம்மப்பா காலத்து ஒயில் காஞ்சு பிசினாகி அதுக்க உலோகத் தூளும் சேந்து கிடக்கும். அதுக்கு மேல புதுசை விட்டா பிசின் கொஞ்சம் இளகும், மணிக்கூடும் ஓடும், நீங்களும் கடைக்காரரைப் புகழுவீங்கள், ஆனா உள்ளுக்க அந்தத் தூள் புது ஒயிலோட சேந்து அரைச்சு அரைச்சு அச்சு நுனியைத் தேய்ச்சுப்போடும். அழுக்குக்கு மேல ஒயில் விடுறது சேர்விஸ் இல்லை. சேர்விஸ் எண்டால் கடைசி ஸ்குறூ வரைக்கும் கழட்டி, கழுவி, தேய்மானம் பாத்து, பூட்டேக்க ஒவ்வொரு இடத்துக்கும் உரிய ஒயிலை உரிய அளவில வைக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் சொன்ன அறிகுறியே கனக்கக் கதைக்குது. கிடத்தினா ஓடும் நிமித்தினா நிக்கும் எண்டால், கிடக்கேக்க பலன்ஸ் வீல் (அங்க இஞ்ச ஆடி நேரத்தைக் கணக்குப் பண்ணிற சில்லு) அச்சின்ட நுனியில மட்டும் நிண்டு சுத்துது, உரசல் குறைவு. நிமித்தினா அச்சின்ட பக்கவாட்டு முழுக்கக் கல்லில சாய்ஞ்சு உரசும். நல்ல மெஷினிலயும் நிமித்தினா ஆட்டம் கொஞ்சம் குறையிறதுதான், ஆனா உங்கடதில ஏற்கெனவே பலம் இல்லாததால அந்தக் கொஞ்சமே நிப்பாட்டப் போதும். காரணம் காஞ்ச ஒயிலாயும் இருக்கலாம், களைச்ச மெயின் ஸ்பிரிங்காயும் (சாவி குடுக்கேக்க இறுகிற பெரிய சுருள்) இருக்கலாம், தேய்ஞ்ச அச்சாயும் இருக்கலாம்.

முந்திப் போறது வேற கதை. பலம் குறைஞ்சா எப்பவும் பிந்தும் எண்டில்லை, ஆனா கால் மணித்தியாலம் முந்துது எண்டால் நான் முதல் பாக்கிறது ஹெயார் ஸ்பிரிங்கைத்தான், பலன்ஸோட இருக்கிற மெல்லிய சுருள். ஒண்டு காந்தம் ஏறியிருக்கும், இல்லாட்டி முந்தி ஆரோ விட்ட ஒயில் அதில பட்டு சுருளோட சுருள் ஒட்டிப்போயிருக்கும். ரெண்டிலயும் ஸ்பிரிங் நீளம் குறைஞ்ச மாதிரி ஆகிடும், பலன்ஸ் கெதியா ஆடும். காந்தமோ எண்டு பாக்க ஃபோனில இருக்கிற கொம்பாஸ் சரிவராது, பள்ளிக்கூடப் பிள்ளையள் வைச்சிருக்கிற ஊசிக் கொம்பாஸ் ஒண்டை ஓடுற மணிக்கூட்டுக்குப் பக்கத்தில வையுங்கோ. ஊசி ஆட்டத்தோட ஆட்டமா நடுங்கினா காந்தம்தான். அதை எடுக்க காந்தம் எடுக்கிற சின்ன டிமக்னற்றைசர் ஒண்டு காணும், கழட்டவே தேவையில்லை.

இப்ப கவனமாக் கேளுங்கோ. அந்தப் பழுப்புப் பூச்சு கதிர்வீச்சுத் தாற ரேடியமா இருக்கலாம். 1960கள் வரைக்கும் இருட்டில தெரியிற டயலுக்கு அதைத்தான் பூசினவை. மினுங்கேல்லை எண்டதால செத்துப்போச்சு எண்டு நினைக்காதேங்கோ, வெளிச்சம் தாற சிங்க் சல்பைட்தான் செத்தது, ரேடியத்தின்ட அரை ஆயுள் 1600 வருஷம். அமெரிக்காவில 1920களில டயல் பூசின பொம்பிளைப் பிள்ளையள் பிறஷ் நுனியை வாயில வைச்சுக் கூராக்கி என்ன பாடுபட்டவை எண்டது உலகத்துக்கே தெரிஞ்ச கதை. மூடி பூட்டிக் கையில கட்டுறதைப் பற்றிப் பெரிசாப் பயப்பிடத் தேவையில்லை, ஆனா சுரண்டாதேங்கோ, கிளாஸைக் கழட்டிப்போட்டு ஊதாதேங்கோ, சாப்பிடுற மேசையில வைச்சுத் திறக்காதேங்கோ. ஆரிட்டக் குடுத்தாலும் இதை முதல் சொல்லுங்கோ.

பிறகு, மெஷினின்ட நம்பரைக் கண்டுபிடியுங்கோ. கொம்பனிப் பேர் அழிஞ்சது பெரிய விஷயமில்லை, அந்தக் காலத்தில கன சுவிஸ் கொம்பனிகள் வேற ஆக்களிட்ட மெஷினை வாங்கித் தங்கட பேரைத்தான் போட்டவை. பின் மூடியைத் திறந்து லூப்பால (கண்ணில வைக்கிற பூதக்கண்ணாடி) பலன்ஸ் வீலுக்குக் கீழ கீழ்த்தட்டில பாத்தால் செய்தவன்ட அடையாளமும் நம்பரும் அடிச்சிருக்கும். அது தெரிஞ்சா சாமான் எடுக்கலாம். மூடிக்கு வெளியில அம்புக்குறி மாதிரி ஒண்டு வெட்டியிருக்கோ எண்டும் பாருங்கோ. இருந்தா பிரிட்டிஷ் அரசாங்கச் சாமான், அதை ஆரையும் பொலிஷ் பண்ண விடாதேங்கோ.

நீங்களே கழட்டுறது பற்றி: கழட்டலாம், ஆனா இதில இல்லை. முதல் ஒரு செத்த எச்.எம்.ரி. ஜனதா எண்ட இந்திய மணிக்கூடு மாதிரி ஒண்டில பழகுங்கோ, அதுவும் சாவி குடுக்கிற 17 கல்லு மெஷின்தான், எளிமையானது, உடைஞ்சாலும் நெஞ்சு வலிக்காது. ஒண்டை மட்டும் மனசில வையுங்கோ, மெயின் ஸ்பிரிங்கில பலம் இருக்கேக்க, சில்லுகளை விட்டு விட்டு ஓட விடுற பலட் ஃபோர்க்கைத் தொடக் கூடாது. கிறவுணை விரலால பிடிச்சுக்கொண்டு, ஸ்பிரிங் திரும்பாமப் பிடிக்கிற கிளிக்கைத் தள்ளி மெல்ல மெல்ல விட்டு முழுக்க இறக்க வேணும். இல்லாட்டி ஃபோர்க் வெளியில வந்த உடனே சில்லெல்லாம் பேய் பிடிச்ச மாதிரிச் சுத்திப் பல்லுப் போயிடும். அதோட கிறவுண் வீல் ஸ்குறூ கன மெஷின்ல இடது புரி. பாக்காம வழமையான பக்கம் திருப்பினா தலை பறந்திடும்.

கிண்ணியா நானா:

தம்பிக்கு ஸலாம். லூப்புக்காரன் சொன்னதில ஒண்டையும் மறுக்க வரல்ல, ஆனா அவருக்குக் கடக்கரை அனுபவம் கொறவு போல. எங்கட வாப்பா கனகாலம் மணிக்கூடு திருத்தினவர், நானும் அந்த மேசையிலதான் வளந்தது. திருகோணமலை ஏரியாவில வாற பழைய மணிக்கூட்டில முதல் எதிரி காஞ்ச ஒயிலில்ல, கறள். நீங்க சொன்ன அந்தக் கரகர சத்தம் அதுதான் எண்டு நான் நெனக்கிறன். வேர்வையும் உப்புக் காத்தும் உள்ளுக்க போற வாசல் கிறவுண். கிறவுண்ட தண்டு, அதான் ஸ்டெம், அதைப் பிடிக்கிற செற்றிங் லீவர், கிளச் வீல், இவ்வளவும் டயலுக்குக் கீழ இரிக்கி, எல்லாம் உருக்கு. மேல மூடியத் திறந்து பாக்கிற ஆளுக்கு மெஷின் பளபளன்னு தெரியும், கீழ சிவப்பாப் பூத்துக் கெடக்கும். அதால டயலக் கழட்டிக் காட்டாம வெல சொல்ற ஆளிட்டக் குடுக்க வேணாம்.

ஸ்டெம்மக் கழட்டேக்க செற்றிங் லீவர் ஸ்குறூவ ஒரு சுத்து, கூடிப்போனா ஒண்டரைச் சுத்து, அதுக்கு மேல திருப்ப வேணாம். முழுக்கக் கழண்டா லீவர் டயல் பக்கம் விழுந்திடும், பொறகு அதை வைக்கிறதுக்கே டயலையும் முள்ளையும் எடுக்க வேணும். கறள் பிடிச்ச ஸ்குறூவ முறுக்கி தலை உடைஞ்சு தண்டு பித்தளைக்குள்ள நிண்டு போச்செண்டா ட்ரில்ல எடுக்காதீங்க. சீனக்காரம், படிகாரம் எண்டும் சொல்ற, கடையில கட்டியா விக்கிற அதே சாமான்தான். தட்டில இரிக்கிற மத்த உருக்குச் சாமான் எல்லாத்தயும் கழட்டிட்டு வெறும் பித்தளைத் தட்ட மட்டும் இளஞ்சூட்டுச் சீனக்காரத் தண்ணில போட்டு வெச்சா உடைஞ்ச தண்டு மட்டும் கறுத்துக் கரைஞ்சு போகும், பித்தளைக்கு ஒண்டும் ஆகாது. வாப்பா அடிமட்டம் மாதிரி நேரா அந்தத் தட்டத் தூக்கிப் பிடிச்சு ஓட்டைக்குள்ளால வெளிச்சம் பாப்பார். வெளிச்சம் வந்தா அடுத்த வேலை. ஒரு உருக்குச் சாமானும் மறந்து தட்டில நிக்கக் கூடாது, அதுவும் சேந்து கரையும்.

அப்புறம் கடல்ல விழுந்த கதையும் சொல்லிர்றன், இங்க எல்லாருக்கும் உதவும். 2009ல கிண்ணியாப் பாலம் திறக்க முந்தி பாதைப் படகிலதான் எல்லாரும் வாற, மீன்பிடிக்குப் போறவங்களும் கனக்க, அதால மணிக்கூடு தண்ணி குடிச்சு வாறது எங்களுக்குப் புதுசில்ல. சனம் என்ன செய்யும், வெயில்ல காய வைக்கும், இப்ப அரிசிக்குள்ள போடுது. தண்ணி காயும், உப்பு எங்க போகும்? அங்கயே நிண்டு விடிய முந்திக் கறள் வெச்சிடும். உடனே மூடியத் திறந்து நல்ல தண்ணில அலசி, பொறகு மண்ணெண்ணைல மூழ்க வெச்சு அப்படியே போத்தலோட கொண்டு வாங்க எண்டுதான் வாப்பா சொல்லுவார். காத்துப் படாட்டிக் கறள் பிடிக்காது.

தம்பி நீங்களே கழட்ட வேணாம். ரேடியோ வேற, இது வேற. பலன்ஸ் அச்சு நுனி தலமயிர் மொத்தம்தான் இரிக்கும், அதை ஓட்டைக்குள்ள நேராக்காம, மேல பிடிக்கிற தட்டு, அதான் பாலம், அதை அமத்தினா கதை முடிஞ்சு. உங்கடதில அடி பட்டா அச்சைக் காக்கிற ஷொக் ஸ்பிரிங் இல்லாட்டி இன்னும் கஷ்டம். அதோட இந்தக் கச்சான் காத்து நேரம் ஃபேன் இல்லாம ஒரு மணித்தியாலம் ஆரால குந்தி இரிக்க ஏலும்? ஃபேன் போட்டா தூசி, போடாட்டி வேர்வை மெஷின்ல சொட்டும். நாங்க விடியச் சுபஹுக்குப் பொறகுதான் பலன்ஸ் வேலை பாக்கிற.

கோட்டையடியான்:

நான் சொன்னா எல்லாரும் பேசுவியள், பரவாயில்லை. பற்றரி மெஷின் போட்டா என்ன குறைஞ்சு போச்சு? நேரம் சரியாக் காட்டும், ஒவ்வொரு நாளும் சாவி குடுக்கத் தேவையில்லை, பாக்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. கட்டாம அலுமாரியில வைக்கிறதை விட அது நல்லதெல்லோ. இதுக்கு சேர்விஸ் செய்யிற காசுக்குப் புது மணிக்கூடே எடுக்கலாம்.

கிண்ணியா நானா:

கோட்டையடி, காசுக் கதை சரிதான், அதை நான் மறுக்கல்ல. விக்கிறதுக்கெண்டா இதுல காசு போட வேணாம். ஆனா வித்தியாசம் தெரியாதெண்டு சொல்லாதீங்க. டயலுக்குப் பின்னால ரெண்டு சின்னக் கால் இரிக்கும், அது பழைய மெஷின்ட ஓட்டைக்குத்தான் பொருந்தும். பற்றரி மெஷினுக்கு அதை வெட்டி எறிஞ்சிட்டு டயலப் பசையால ஒட்டணும். முள்ளு ஓட்டை அளவும் மாறும், முள்ளும் போச்சு. செக்கன் முள்ளு 6ல இரிக்கிற மாதிரிப் பற்றரி மெஷின் கெடைச்சாலும் அந்த வட்டத்துக்கு நேரா நிக்கணுமே. கடைசில மூத்தாப்பாட மணிக்கூட்டில மிஞ்சிறது கூடு மட்டும். ஒருக்கா வெட்டின கால் திரும்ப முளைக்காது.

லூப்புக்காரன்:

நானா, கடக்கரை அனுபவம் குறைவெண்டது சரிதான், நான் இருக்கிற குளிர் நாட்டில கறள் பாக்கிறது அருமை. சீனக்கார வேலை நல்லாத் தெரியும், ஆனா மற்ற உருக்கு எல்லாம் கழட்டினதோ எண்டு ரெண்டு தரம் பாக்காம ஒருத்தரும் செய்ய வேண்டாம். கழுவுறதிலயும் ஒரு விஷயம் இருக்கு. பலட் ஃபோர்க்கில இருக்கிற சின்னக் கல்லுகளையும் பலன்ஸில இருக்கிற கல்லையும் ஒட்டி வைச்சிருக்கிறது அரக்கு. அதை ஸ்பிரிட்டில ஊறப் போட்டா அரக்குக் கரைஞ்சு கல்லுக் கழண்டிடும். லைட்டருக்கு விடுற பெற்றோலில கழுவினா பயமில்லை.

உப்புவெளிக்காத்து:

எல்லாருக்கும் பெரிய நன்றி. நானா சொன்ன மாதிரி கழட்டுற எண்ணத்தைக் கைவிட்டிட்டன், எச்.எம்.ரி. ஒண்டு சென்னைக்குப் போற மச்சானிட்டச் சொல்லி விட்டிருக்கிறன், அது பிறகு. தெரிஞ்ச ஒராள் பின் மூடியைத் திறந்து தந்தவர், நான் லூப்பால பாத்தன். பலன்ஸ் ஆடேக்க ஒண்டும் தெரியேல்லை, நிண்ட பிறகு ஃபோன் ரோர்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சாத்தான் சில்லுக் கம்பிக்கு நடுவில தெரியுது, ஏ.எஸ். எண்டு ஒரு அடையாளம், பக்கத்தில 1130. பாலத்தில 15 ஜுவல்ஸ் எண்டு வெட்டியிருக்கு. அம்புக்குறி இல்லை, மூடியில அம்மப்பாட முதலெழுத்து மட்டும் ஊசியால கீறினமாதிரி இருக்கு, அதைப் பொலிஷ் பண்ண விடமாட்டன். மகளின்ட கொம்பாஸை வைச்சுப் பாத்தன், ஊசி விடாம நடுங்குது! ஸ்பீக்கர் ஒண்டுக்கு மேலதான் இவ்வளவு நாளும் வைச்சிருந்தது, அதாலயா இருக்குமோ? ஆரிட்டக் குடுக்கிறது, என்ன கேக்கிறது எண்டு சொல்லுங்கோ.

லூப்புக்காரன்:

ஸ்பீக்கராத்தான் இருக்கும், உள்ள காந்தம் சும்மா விடாது. முதல் காந்தத்தை எடுங்கோ, பிறகு ஒரு நாள் ஓட விட்டுப் பாருங்கோ, முந்துறது பெரும்பாலும் அதோட நிக்கும், ஆனா நிமித்தினா ஓட்டம் நிக்கிற பிரச்சினை அதால போகாது, அது கழுவினாத்தான்.

ஏ.எஸ். எண்டால் அடோல்ஃப் ஷில்ட், சுவிஸில கிறென்ஷென் எண்ட ஊரில 1896ல துவங்கின கொம்பனி. தங்கட பேரில விக்கிறதை விட மற்றவைக்கு மெஷின் செய்து குடுக்கிறதுதான் அவைக்கு வேலை, 1979ல ஈ.ரி.ஏ. எண்ட இன்னொரு சுவிஸ் கொம்பனியோட சேந்திட்டினம். 1130 ஒரு 29 மில்லிமீற்றர் மட்டில உள்ள பெரிய மெஷின், மணித்தியாலத்துக்கு 18,000 அடி, அதாவது செக்கனுக்கு 5. இரண்டாம் உலகப்போரில ஜேர்மன் படைக்குப் போன கன மணிக்கூட்டில இதேதான் இருந்தது, டொக்யார்ட்டில பிரிட்டிஷ்காரனுக்கு வேலை செய்த அம்மப்பாட கையிலயும் அதே மெஷின் எண்டது ஒரு பகிடிதான். எக்கச்சக்கமாச் செய்தது, அதால சாமான் இல்லை எண்ட கதையை நம்பாதேங்கோ. மெயின் ஸ்பிரிங்கும் பலன்ஸ் அச்சும் இப்பவும் எடுக்கலாம், செத்த மெஷின் ஒண்டை வாங்கி அதில இருந்தும் கழட்டலாம்.

மெயின் ஸ்பிரிங்கைக் கட்டாயம் மாத்தச் சொல்லுங்கோ. பழைய நீல உருக்கு ஸ்பிரிங்கை அது சுருண்டு கிடக்கிற பரல் எண்ட டப்பிக்க இருந்து எடுத்து மேசையில விட்டா நல்லது விரிஞ்சு மற்றப் பக்கம் வளையும், களைச்சது சுருண்டபடியே கிடக்கும். இப்ப வாற வெள்ளை ஸ்பிரிங் கறளும் பிடியாது, லேசில உடையவும் மாட்டுது.

திருத்துறவரிட்ட நான் கேக்கிற கேள்வி ஒண்டு இருக்கு, பலட் ஃபோர்க்கின்ட அச்சுக்கு என்ன ஒயில் விடுவீங்கள் எண்டு சும்மா கதையோட கதையாக் கேட்டுப் பாருங்கோ. அதுக்கு விடுறேல்லை எண்டு சொன்னா மணிக்கூட்டைக் குடுக்கலாம். அந்த அச்சு சுத்துறதில்லை, அங்க இஞ்ச கொஞ்சம் அசையிறதுதான், ஒயில் விட்டா இழுத்துப் பிடிச்சு ஆட்டத்தைக் குறைக்கும். அந்த ஃபோர்க்கில இருக்கிற கல்லின்ட முகத்துக்கு மட்டும் மோபியஸ் கொம்பனி ஒயிலில 9415 மாதிரித் தடிப்பானது, பலன்ஸுக்கும் கெதியாச் சுத்துற சில்லுகளுக்கும் 9010, மெதுவான பக்கம் டி5. தையல் மெஷின் ஒயில் போத்தல் மேசையில கண்டா எழும்பி வாங்கோ.

வேலை முடிய ரைம்கிறாஃபரில (ஓட்டத்தை அளக்கிற மெஷின்) வைச்சுக் காட்டச் சொல்லுங்கோ, அதில லிஃப்ட் ஆங்கிள் எண்ட கணக்கை 52ல வைச்சாக் காணும். முழுச் சாவியில கிடத்தி பலன்ஸ் 250 டிகிரிக்கு மேல ஆடினா இந்த வயசுக்கு நல்லம், 270 வந்தா திருத்தினவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் குடுங்கோ. நிமித்தினா 30, 40 குறையும், அது வழமை. ஒரு நாளைக்கு அரை நிமிஷம் அப்பிடி இப்பிடி நிண்டா அதோட விடுங்கோ, செக்கன் கணக்குப் பாக்கிறதுக்கு ஃபோன் இருக்கு.

கிண்ணியா நானா:

பலட் கேள்வி நல்ல கேள்வி, என்னட்டயும் கேளுங்க தம்பி. டயல ஆரையும் துடைக்க விட வேணாம், ஈரத் துணி பட்டாலே எழுத்துப் போகும், ரேடியமும் இரிக்கலாம். புள்ளி இரிந்தா இரிக்கட்டும். கிளாஸ் அந்தக் காலத்து பிளாஸ்டிக்தான், கீறலப் பற்பசையால தேய்ச்சே எடுக்கலாம், வெடிச்சிரிந்தா மாத்திடுங்க, அதுக்குள்ளாலதான் மாரி நேரம் ஈரம் போற. கூட்டில ரப்பர் ரிங் போடுற எடம் இரிந்தா புதுசு போடச் சொல்லுங்க. போட்டாலும் இது தண்ணிக்கு ஆகாது, உப்புவெளிக் கடலுக்குக் குளிக்கப் போறண்டா வீட்டில கழட்டி வெச்சிட்டுப் போங்க. கையில கட்டின நாளில மட்டும் காலைல சாவி குடுங்க, இறுக்கம் வந்தவுடனே நிப்பாட்டணும். கட்டாத நேரம் ஸ்பீக்கருக்கு மேல வைக்க வேணாம்.